எட்டாவது நட்டுக்கு மஞ்சள் கோடு

“கார் உயத்த ஆள் இருக்கெண்டு தெரியும். பதிக்கிறதுக்கும் ஆள் வைச்சிருக்கினமே!”

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் கராஜ் வாசலைக் கடந்துபோன ஒரு அம்மா, கூட வந்தவரிடம் சொன்னது உள்ளே நின்ற என் காதில் விழுந்தது. உண்மைதான். பழைய கார்களின் பின்பக்கத்தை உயரம் குறைத்துப் பதிப்பதும் எங்கள் தொழிலில் ஒரு பகுதி. நான் பொறியியல் படித்தவள். ஆட்களோடு பேசுவதைவிடக் காருக்கடியில் படுத்திருப்பது எனக்குச் சுகம். ‘அடுப்பை அணைத்தேனா?’ என்று பாதி வழியில் திரும்பி ஓடியவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும்.

இரண்டு விரல்

குமரன் அண்ணை பிரான்சிலிருந்து வந்து குட்மேய்ஸில் குடியேறியவர். எழுபது வயதான ஒரு காரை வாங்கி, பெரிய எஞ்சின் பூட்டி, கத்தரிக்காய் நிறம் அடித்து வைத்திருந்தார். பின்பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. எவ்வளவு பதிக்க வேண்டும் என்று கேட்டோம். ரயருக்கு மேலே இருந்த இடைவெளியைக் காட்டி, “ரெண்டு விரல் மிஞ்சினாப் போதும்” என்றார்.

என் முதலாளி ராசன் அண்ணையின் விரல்கள் வாழைப்பழம் மாதிரி. குமரன் அண்ணையுடையவை முருங்கைக்காய். நான் அளவு நாடாவை எடுத்துக் குமரன் அண்ணையின் இரண்டு விரல்களையும் அளந்து எழுதிக்கொண்டேன். ராசன் அண்ணை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இவ்வளவு நாளும் நான் என்ரை விரலாலைதான் அளந்தனான். அந்தக் காருகள் இப்ப என்ன பாடோ!”

அரிசி மூட்டை

இந்தக் காரில், அடுக்கிய இரும்புத் தகடுகளாலான ஸ்பிரிங் பின் அச்சுக்கு அடியில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு அங்குலக் கட்டையை வைத்து, நீளமான ‘யூ’ வடிவப் போல்ட்டுகளால் சேர்த்து இறுக்கினால் கார் பதியும். ஆனால் வெறுங்கார் அழகாக நிற்பதை நம்பக்கூடாது. ஆள் ஏறியதும் ரயர் மட்காட்டில் உரசும். அதனால் பக்கத்துக் கடையிலிருந்து பத்துக் கிலோ அரிசி மூட்டைகளை இரவல் வாங்கிப் பின் சீட்டில் வைத்து ஓட்டிப் பார்ப்போம்.

அன்று ஒரு ஆளின் நிறைக்கு ஆறு மூட்டைகள். பெல்ட்டும் போட்டுவிட்டேன். அந்த நேரம் பார்த்துக் குமரன் அண்ணையின் மனைவி சாந்தி அக்கா வந்து உள்ளே எட்டிப் பார்த்தா. “இது ஆர்?” என்று கேட்டா. அக்கா மூட்டைகளை எண்ணினா. “இன்னும் ரெண்டு வையுங்கோ அண்ணை. சனிக்கிழமை கோவிலுக்குப் போற கார், பொய்க் கணக்கிலை ஓடப்படாது.”

போன்

எட்டு மூட்டையிலும் ரயர் உரசவில்லை. இறுதி இறுக்கம் என் வேலை. அளவு வந்ததும் ‘டக்’ என்று சொல்லும் ரென்சால் ஒவ்வொரு நட்டையும் இறுக்கி, இறுகியதற்கு அடையாளமாக மஞ்சள் பேனாவால் ஒரு கோடு போடுவேன். பக்கத்துக்கு நாலு நட். வலப்பக்கம் நாலும் இடப்பக்கம் மூன்றும் முடிந்தபோது போன் அடித்தது. முன்பின் தெரியாதவரோடு போனில் பேசுவதென்றால் எனக்கு மூளை நின்றுவிடும்.

சனிக்கிழமை காலை, கார் போன பிறகு, ரென்சைத் துடைக்கும்போது கை நின்றது. ஏழு கோடு ஞாபகம் இருந்தது. எட்டாவது இல்லை. அந்த நட் கழன்றால் கட்டை விலகும், அச்சு நகரும். குமரன் அண்ணையும் சாந்தி அக்காவும் லண்டனைக் குறுக்கே கடந்து வெஸ்ட் ஈலிங் கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருடைய போனும் நிறுத்தியிருந்தது. அழுகையோடு ராசன் அண்ணையிடம் சொன்னேன். அவர் ரென்சை எடுத்து என் பைக்குள் செருகினார். “இஞ்சை நிண்டு அழுதா அங்கை நட் இறுகாது. ஓடு! நான் போன் அடிச்சுக்கொண்டிருக்கிறன்.”

கோவிலடி

ரயிலில் வழி முழுக்க என் பைக்கு வெளியே ரென்ச் தலையை நீட்டிக்கொண்டு வந்தது. யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

கோவிலுக்குப் பின் தெருவில் கத்தரிக்காய் நிறம் தெரிந்தபோதுதான் மூச்சு வந்தது. முழுசாக நின்றது. அப்படியே றோட்டில் படுத்துக் கையை விட்டேன். மூன்று மஞ்சள் கோடுகள். நாலாவதில் ஒன்றுமில்லை. ரென்சை வைத்துத் திருப்பினேன். கால் சுற்றுச் சுற்றி, ‘டக்’ என்றது. கோட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தால், எதிரே ஒரு வேட்டிக்கரையும் ஒரு சேலைக்கரையும்.

ஒன்றுமில்லை, சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். “ஒரு நட்டை இறுக்க மறந்துபோனன்” என்றேன்.

“கழண்டிருந்தா?” என்றா சாந்தி அக்கா.

“உங்களுக்கு ஏதும் நடந்திருக்கும், அக்கா.”

“அதைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தனி?”

“இறுக்க வந்தனான். சொல்ல நினைக்கேல்லை.”

அக்கா சிரித்துவிட்டா. குமரன் அண்ணை சிரிக்கவில்லை. “இனிச் சரியோ?” என்றார்.

“ஓம். ஆனா போகேக்க பின்னாலை ஏதும் சத்தம் கேட்டா நிப்பாட்டுங்கோ.”

“என்ன மாதிரிச் சத்தம்?”

“கேட்டாத்தான் எனக்குத் தெரியும், அண்ணை” என்றேன். அவர் கார்த் திறப்பை என் கரி பிடித்த கையில் வைத்துவிட்டு, சுற்றிப் போய் சாரதிக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறிப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.