மச்சான் என்று கூப்பிடாத நாள்

எங்கள் முத்துப் பண்ணையில் மெரெயோனியின் வாய்க்குப் பயப்படாதவன் மானேஜர் இசிகேலி ஒருவன்தான். அவளுக்கு அவன் தாய்மாமன் மகன். ஃபிஜியில் முறை மச்சானும் மச்சினியும் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி பேசிக்கொள்ளலாம், கோபப்படத்தான் கூடாது. “வயித்தப் பாரு, பாசி புடிச்ச சிப்பியாட்டம்” என்பாள். அவனும் சிரிப்பான். படகு ஓட்டுகிற நானும் தினமும் கேட்டுச் சிரித்தவன்தான்.

மெரெயோனிக்கு வேலை, மிதவை மேடையில் உட்கார்ந்து சிப்பிகளைத் தேய்த்துக் கழுவுவது. சிப்பி ஓட்டில் கூர்கூராய் ஒட்டி வளர்கிற கொட்டலசு கிழிக்காத விரல் அவளுக்குக் கிடையாது. புருஷன் போனபின் பிள்ளைகள் வளர்ந்ததும் அந்த விரல்களால்தான். போன மழைக்காலத்தில், சிப்பி கழுவ இயந்திரம் வரப்போவதாகச் சொன்னார்கள். இனி தேய்க்க ஆள் வேண்டாம். முத்து விளைவதற்காகச் சிப்பிக்குள் சின்ன மணியை வைக்கிற மேசைக்கு மட்டும் ஒரு ஆள் வேண்டும். அதற்கும் தலைநகர் சுவாவிலிருந்து படித்த பையன் ஒருவனை வரவழைப்பதாக இருந்தான் இசிகேலி.

ஒரு நாள் மதியம் எல்லோரும் மரவள்ளியும் மீனுமாக உட்கார்ந்திருந்தபோது மெரெயோனி கேட்டாள்.

“மச்சான், அந்த மேசையில என்னை உக்கார வை.”

“உன்னையா? உன் கையப் பார்த்தா சிப்பி பயத்துலயே செத்துரும்” என்றான் இசிகேலி. எல்லோரும் சிரித்தோம்.

“நெசமாத்தான் கேக்குறேன் மச்சான்.”

“நானும் நெசமாத்தான் சொல்றேன் மச்சினி. கண்ணாடிய மாட்டிக்கிட்டு உக்காந்தா ஆமையாட்டம் இருப்ப.”

மறுபடியும் சிரிப்பு. அப்போதுதான் அந்த முறையில் இருந்த சூது எனக்கு உறைத்தது. கேலி பேச உரிமை உள்ளவள் எதைக் கேட்டாலும் கேலியாகிவிடுகிறது. பிழைப்பே போகிறது என்றாலும் சிரிக்கிறார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. இசிகேலி மேல் மட்டுமல்ல, சிரித்த எங்கள் எல்லோர் மேலும்.

மெரெயோனி தட்டைக் கீழே வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு நேராகக் கொட்டகைக்கு உள்ளே போய், மணி வைக்கிற மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இசிகேலி சிரித்தபடியே பின்னால் போனான். நாங்களும் வாசல்வரை போனோம்.

“எழுந்திரு மச்சினி, விளையாட்டு போதும்.”

“விளையாடல சார்.”

எங்கள் ஊரில் சொந்த மச்சானை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. உறவே வேண்டாம் என்று முகத்தில் அறைகிற சொல் அது. இசிகேலியின் சிரிப்பு நின்றுவிட்டது.

“என்ன புதுசா சாருங்குற?”

“மச்சான்கிட்ட கேட்டா மச்சான் சிரிக்கிறான். அதான் மானேஜர்கிட்ட கேக்குறேன். இத்தனை வருஷம் உங்க சிப்பிய உசுரோட வச்சிருந்தவ நான். இயந்திரம் வரட்டும், வேணாங்கல. ஆனா என்னைக் கடல்ல தள்ளிட்டு இந்த நாற்காலிய வெளியூர்க்காரனுக்குக் குடுக்க விடமாட்டேன். முடிஞ்சா ஆள வச்சுத் தூக்குங்க சார்.”

இசிகேலி வாசலில் நின்ற எங்களைத் திரும்பிப் பார்த்தான். யாரும் உள்ளே போகவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை.

“சரி, நாளையிலேருந்து வந்து பழகு” என்றான் கடைசியில். “இப்பவாச்சும் மச்சான்னு கூப்பிடேன்.”

“வேலை நேரத்துல முடியாது சார்” என்றாள் மெரெயோனி. “நாளைக்கு எதுக்கு? மொதச் சிப்பிய இப்பவே எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”