தனக்கே கட்டும் தவணை

காரைக் கிளப்பியதும் இவர் ரேடியோவைப் போடுவதில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, எஞ்சின் என்ன முணுமுணுக்கிறது என்று கேட்பார். பக்கத்து வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்துக் குப்பைத்தொட்டியைக் கடகடவென்று இழுத்து வந்தால், கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். அந்த மனிதரும் பழகிப்போய், தொட்டியைப் பிடித்தபடி தானும் காது கொடுப்பார். "சரியா இருக்கா?" என்பார். "இன்னைக்கு நல்ல மனநிலையிலதான் இருக்கு" என்று இவர் சொன்ன பிறகுதான் வண்டியும் நகரும், தொட்டியும் நகரும்.

பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசை இவருடையது. வருகிறவர்கள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் 'ஆறு மாச அம்மா'. ஒருமுறை பல்லைக் காட்டிவிட்டுப் போனால் தீர்ந்தது; ஆறு மாதம் ஆனதும் தொலைபேசியில் வந்து நிற்பார். வலியே இல்லையே என்று எதிர்முனை இழுத்தால், "வலி இல்லாதப்ப வாங்க. அப்பத்தான் சிரிச்சிக்கிட்டே திரும்பிப் போகலாம்" என்பார். உள்ளே மருத்துவர் சிரிப்பது வெளியே கேட்கும்.

இந்தப் புத்தியோடுதான் பழைய கார் வாங்கப் போனார். மூன்று வண்டி பார்த்தார்கள். கடைசி வண்டிக்காரர் பெருமையாக, "ஒரு செலவு வைக்காத வண்டிங்க" என்றார். கணவருக்கு முகமெல்லாம் பல். இவருக்கோ, பல் மருத்துவமனைப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை என்று மார்தட்டுகிறவர்களின் வாய் கண்முன் வந்து போனது. "செலவு வைக்கலையா, நீங்க செலவு பண்ணலையா?" என்று கேட்டார். விற்பவர் எச்சில் விழுங்கினார். விலையும் கொஞ்சம் இறங்கியது. வண்டி வீட்டுக்கு வந்தது.

வண்டிக் கடனின் தவணை முடிந்த மாதம் கணவர் இனிப்பு வாங்கி வந்தார். இவர் இனிப்பைத் தின்றுவிட்டு, அடுத்த மாதமும் அதே தேதியில் அதே தொகையைக் கட்டினார். இந்த முறை வங்கிக்கு அல்ல, தன் பெயரில் திறந்த இன்னொரு கணக்குக்கு. வண்டிக்கு வயதாக வயதாகத் தீனி கூடத்தான் செய்யும் என்பது இவர் கட்சி. ஆயில் எப்போது, பிரேக் எப்போது, டயர் எந்தப் பருவத்தில் என்று மெக்கானிக்கோடு உட்கார்ந்து பேசி, ஒரே மாதத்தில் இரண்டு பெரிய வேலை வராதபடி வரிசை கட்டிக்கொள்வார். மெக்கானிக் அதிகம் பேசாதவர். வேலையைத் தள்ளிப்போட நினைத்தால் மட்டும் வாயைத் திறப்பார்.

"டைமிங் பெல்ட் இன்னும் கொஞ்ச நாள் ஓடும்மா."

"கொஞ்ச நாள்னா?"

"அது வண்டிக்குத்தான் தெரியும்."

"வண்டி முன்கூட்டியே சொல்லாதே. அதனாலதானே உங்களைக் கேக்கறேன்."

அந்த பெல்ட்தான் வீட்டில் சண்டையைக் கிளப்பியது. எஞ்சினுக்குள்ளே ஓடும் ரப்பர்ப் பட்டை அது; ஓடும்போது அறுந்தால் எஞ்சினே போய்விடும். மாற்றுவதென்றால் அதோடு தண்ணீர் பம்பையும் சேர்த்து மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். ஆகும் செலவோ, அந்தக் கணக்கில் இருந்த பணத்தையெல்லாம் வழித்துவிடும் அளவு. கணவருக்கு அந்தப் பணத்தின் மேல் வேறொரு கண் இருந்தது. வீட்டு சோபாவில் ஸ்பிரிங் போய், உட்கார்ந்தவர்களை யாராவது கைகொடுத்துத் தூக்கவேண்டிய நிலை. கடைக்குப் போய்ப் புது சோபாவில் சாய்ந்துகூடப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மின்சாதனக் கடையில் விற்பனையாளர். கண்ணுக்குத் தெரிகிற பொருளை விற்றே பழகியவர்.

"விருந்தாளி வந்தா பெல்ட்டை விரிச்சு உக்கார வைப்பியா?" என்றார்.

இவர் சிரித்துவிட்டார். அது அவருக்கு இன்னும் கோபம். மகள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், நிறைமாதம் நெருங்குகிறது, மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, எந்த நேரமும் கூப்பிடுவாள் என்று இவர் எடுத்துச் சொன்னார். ஓடுகிற வண்டியை எதற்குப் பிரித்துப்போட வேண்டும் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். பெல்ட் வேலைக்கு இவரே நாள் குறித்துவிட்ட பிறகு, சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. இவருக்கும் உள்ளுக்குள் உறுதி என்று சொல்ல முடியாது. குளிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும், பயத்துக்குப் பயந்து காசைக் கரைக்கிறோமோ என்ற எண்ணம் வந்து வந்து போனது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

பெல்ட்டைக் கழற்றும் அன்று கணவரையும் கூடவே அழைத்துப் போனார். அவர் பட்டறை வாசலில் வேண்டாவெறுப்பாக நின்றார். மெக்கானிக் பழைய பெல்ட்டை வெளியே எடுத்து, துணியால் துடைத்து, மடக்கிக் காட்டினார். பட்டையின் முதுகு நெடுக, காய்ந்த குளத்துத் தரை மாதிரி வெடிப்பு. ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது. கணவர் அதை வாங்கினார். ஒயரின் மேலுறை இப்படி வெடித்திருந்தால் அதைக் கடையில் வைக்கவே விடமாட்டார். கட்டைவிரலால் நீவி நீவிப் பார்த்தார்.

"இதோட எத்தனை நாள் ஓடியிருக்கும்?" என்றார்.

"போன வாரமே போயிருக்கலாம் சார். அடுத்த வருஷம் வரைக்கும் வந்திருந்தாலும் வந்திருக்கும்."

இவருக்கு வெற்றிப் புன்னகை ஒன்றும் வரவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அத்தனை வாதாடியும், அந்த வெடிப்பை இவரே உண்மையில் எதிர்பார்த்திருக்கவில்லை. கணவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். "குடிம்மா" என்றார். உப்பைத் தாண்டி வந்த முதல் வார்த்தை அது.

மகள் அழைத்தபோது நல்ல மழை. குறித்த தேதிக்கு முன்பே வலி கண்டுவிட்டது. அங்கே மகளின் பக்கத்து வீட்டுப் பெண் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள். இவர் மேசையைத் தோழியிடம் ஒப்படைத்துவிட்டு, கணவரைக் கடை வாசலில் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் வண்டியை விட்டார். பாதையோரம் பெரிய பெரிய வண்டிகளெல்லாம் மூடியைத் திறந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தன. கணவர் ஒவ்வொரு வளைவிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எஞ்சினைக் கேட்டுக்கொண்டே வந்தார். வழியில் ஒன்றுமே நடக்கவில்லை. ஏறியது, இறங்கியது, வந்து சேர்ந்தது. சொல்வதற்குக் கதையே இல்லாத பயணம். மகளைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோகுமுன் அவள் கையைப் பிடித்துக்கொள்ள நேரம் இருந்தது.

பேத்தி பிறந்தாள். ஆளாளுக்கு மாற்றி மாற்றித் தூக்கி, யார் மூக்கு என்று ஒரு வாக்குவாதமும் முடிந்தது. மகள் அயர்ந்து தூங்கினாள். மழை விட்டிருந்தது. காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று கணவர் கீழே இறங்கிப் போனார். குழந்தையைத் தோளில் சாய்த்தபடி இவர் ஜன்னலோரம் வந்து பார்த்தார்.

கீழே, வண்டியின் மூடி திறந்திருந்தது. அவர் குனிந்து, எதை இழுப்பது என்று தெரியாமல் இரண்டு மூன்று இடத்தில் கைவைத்தார். ஆஸ்பத்திரிக் காவலாளி குடையின் நுனியால் ஏதோ சுட்டிக்காட்டினார். ஆயில் அளக்கும் கம்பி நீளமாக வெளியே வந்தது. சட்டைப்பையிலிருந்து, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து உதறி, அந்தக் கம்பியை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாகத் துடைத்தார்.