குடத்துத் தண்ணீரை வைத்து வாங்கிய ஜீப்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், எழுத்து வராது என்பது ஒரு காரணம். அது சின்னக் காரணம். ஜீப்பைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதினால், சங்கரன்கோவில் அம்மனின் புற்றுமண்ணைப் பூசையறையில் வைத்திருக்கிறவனுக்கு நம்பிக்கை குறைந்துபோயிற்று என்று ஊர் பேசும். அம்மனைப் பற்றி மட்டும் எழுதினால் பாதியை மறைத்த பாவம் என்னைச் சேரும். இரண்டுக்கும் பயந்து பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இப்போது எழுதிவிடுகிறேன். அந்த அம்மா பார்த்துக்கொள்வாள்.

எங்கள் ஊர் சங்கரன்கோவிலுக்கு வடகிழக்கே கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. தார்ச்சாலைக்கு வர ஒரே வண்டிப்பாதை. நடுவில் ஓர் ஓடை. கோடையில் அந்தப் பாதையில் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். மழை பெய்துவிட்டால் அந்தக் கரிசல் மண் சும்மா விடாது. பத்தடி நடந்தால் காலுக்கு ஒரு உரலைக் கட்டின மாதிரி அப்பிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்து வெடிப்புகளில் தண்ணீர் இறங்கியதும் உள்ளே இருந்த பாம்புகள் வரப்புக்கு ஏறிவிடும். பருத்தியில் நாங்கள் களை எடுக்கிற காலமும் அதுதான்.

எங்கள் ஐயாவை, என் அப்பாவை, அப்படி ஒரு கார்த்திகையில்தான் பாம்பு கடித்தது. எழுபதுகளின் நடுவில் நடந்தது. பாம்புக்கடிக்கு மருந்து என்று நாங்கள் நம்புகிற அம்மன் புற்றுமண்ணைப் பூசி, மாட்டு வண்டியில் ஏற்றினோம். பாதி வழியில் சக்கரம் புதைந்தது. ஐயா இறங்கி நடந்தார். ஓடைக்கு வந்தால் வெள்ளம். தண்ணீர் வடிகிறவரை கரையில் அவரை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வலியிலும் அம்மன் பேரையே சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு டாக்டர் எங்களைத் திட்டவில்லை. கடிபட்டவரை நடக்க விடக் கூடாது, குலுக்கக் கூடாது, சீக்கிரம் கொண்டுவர வேண்டும், இனிமேலாவது நினைவில் வையுங்கள் என்று மட்டும் சொன்னார். ஐயா பிழைக்கவில்லை.

அம்மா கூப்பிட்டுக்கொண்டாள் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொல்லி மனசைத் தேற்றினேன். காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு என் வீட்டுக்காரி கேட்டாள்:

“அம்மா கூப்புட்டதாவே இருக்கட்டும். நம்மள ஓடக்கரையில கையக் கட்டிக்கிட்டு உக்காரச் சொன்னாளா?”

அந்தக் கேள்வியில்தான் இந்த வண்டிக் கதை தொடங்குகிறது.

சில வருஷம் கழித்து மிளகாய் நன்றாக விளைந்து, விலையும் கிடைத்தது. அவசரத்துக்கு ஊரில் ஒரு வண்டி இருக்க வேண்டும், எந்த மழையிலும் ஓடையைத் தாண்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். எனக்கு ஜீப்பின் மேல் கண். அதிகாரிகள் வருகிற ஜீப் ஒன்று மழைக்காலத்தில் ஓடையில் இறங்கி ஏறிப் போனதைப் பார்த்திருக்கிறேன். என் மச்சானுக்கு, அதாவது என் வீட்டுக்காரியின் அண்ணனுக்கு, டிராக்டர்தான் வேண்டும். அவர் வீடு எங்களுக்கு அடுத்த தெரு. உழவுக்கும் ஆச்சு, பருத்தி ஏற்றவும் ஆச்சு, ஆள் ஏற்றவும் ஆச்சு என்பது அவர் கட்சி. ஜீப் என்று நான் வாயைத் திறந்தாலே, “என்ன மாப்ளே, எலெக்சன்ல நிக்கப் போறியளா? எந்தச் சின்னம்?” என்பார். டீக்கடை சிரிக்கும்.

பேசித் தீராது என்று இருவரும் சங்கரன்கோவிலுக்குப் போய் அம்மன் சந்நிதியில் பூக் கட்டிப் பார்த்தோம். வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்கு அரளி. ஒரே அளவு இலைத்துண்டில் மடித்துப் போட்டோம். வெள்ளை என்றால் ஜீப், சிவப்பு என்றால் டிராக்டர். சாமி கும்பிட வந்த ஒரு சிறுமி கையை விட்டு ஒன்றை எடுத்துத் தந்தாள். பிரித்தால் அரளி. மச்சான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் எனக்குக் காபியும் வடையும் அவர் செலவு. எனக்கு வடை இறங்கவில்லை. அம்மன் வாக்கை மீறவும் முடியாது, மனசுக்கு ஒப்பவும் இல்லை.

வீட்டில் வந்து சொன்னேன். வீட்டுக்காரி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“அம்மாகிட்ட என்னன்னு கேட்டிய?”

“ஜீப்பா, டிராக்டரான்னு.”

“எதுக்குன்னு சொன்னியளா?”

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். எதற்கு என்று நான் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

“நீங்க சம்சாரி, வெவசாயம் பாக்குற ஆளு. சம்சாரி வந்து நின்னு எந்த வண்டின்னு கேட்டா, அவ உழவுக்குத்தான்னு நெனைச்சிருப்பா. டிராக்டர்னுதான சொல்லுவா?”

மறுபடி போய்க் கேட்கலாமா என்றால் அதுவும் கூடாது. ஒரு காரியத்துக்கு ஒரு முறைதான் பூக் கட்டலாம். திருப்பிக் கேட்டால் சொன்னதை நம்பவில்லை என்றாகிவிடும். அவளே வழி சொன்னாள்.

“கேட்டதுக்கு அவ சொல்லிட்டா. கேக்காம விட்டத நாமதான் பாத்துக்கிடணும். ரெண்டு வண்டியையும் மழை பெஞ்ச மறுநாள் இங்கன கொண்டாங்க.”

அப்படியே செய்தோம். டிராக்டர் பக்கத்து ஊர்க்காரர் இரவல் தந்தது, பின்னால் டிரெய்லரோடு. ஜீப் பழைய பட்டாளத்து ஜீப். ராஜபாளையத்திலிருந்து தரகர் ஓட்டிவந்திருந்தார். நாங்கள் ஆண்கள் எல்லாம் என்ஜினைச் சுற்றி நின்று, புரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தோம். அவள் பித்தளைக் குடத்தில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, திருநீறு பூசி எடுத்து வந்தாள். முதலில் டிரெய்லரில் சாக்கை விரித்து நடுவில் வைத்தாள்.

“இதுதான் கடிபட்ட ஆளு. ஓடை வரைக்கும் போங்க. நான் பக்கத்துல இருப்பேன், பிடிக்க மாட்டேன்.”

தரகர் சிரித்தார். “எம்மா, நான் கொண்டாந்தது ஜீப்பு. பால் வண்டி இல்ல.”

முதலில் டிராக்டர். எங்கும் நிற்கவில்லை. யானை மாதிரி போனது. ஆனால் முதல் பள்ளத்திலேயே குடம் சாய்ந்தது; அதன் பிறகு டிரெய்லர் முழுவதும் உருண்டது. ஓடைக்குப் போய்ச் சேரும்போது என் வீட்டுக்காரி முழங்கால்வரை நனைந்திருந்தாள், குடம் காலி. மச்சான் மட்டும், போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

குடத்தை மறுபடி நிரப்பி வைத்து, அடுத்து ஜீப். குடம் அசைந்தது, சாயவில்லை. நான் அம்மனை நினைத்துக்கொண்டேன். நினைத்து முடிக்கவில்லை, ஜீப் நின்றுவிட்டது. சக்கரத்துக்கும் மேலே இருந்த மட்கார்டுக்கும் நடுவில் கரிசல் மண் இறுகி, சக்கரம் சுற்றவே இடமில்லாமல் போயிற்று. கம்பியால் குத்தி மண்ணைத் தோண்டினோம். கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. மச்சான் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டார்.

ஒன்று போய்ச் சேர்கிறது, தண்ணீர் இல்லை. இன்னொன்றில் தண்ணீர் இருக்கிறது, போய்ச் சேரவில்லை. ஊரே அவள் முகத்தைப் பார்த்தது. அவள் குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள், கால்வாசிகூடச் சிந்தவில்லை. பிறகு மட்கார்டைத் தட்டிப் பார்த்தாள்.

“மண்ணு சிக்குதது இந்தத் தகரத்தாலதான? தகரத்த வெட்டிரலாம். அந்த டிராக்டரு குலுக்க என்ன செஞ்சு நிப்பாட்ட?”

ஜீப்பை வாங்கினோம். சங்கரன்கோவில் பட்டறையில் நாலு மட்கார்டையும் வெட்டி எடுத்தோம். வழுக்காமல் இருக்க, மழை நாளில் சக்கரத்தில் தென்னங்கயிறு சுற்றிக்கொள்ளப் பழகினேன். வெட்டின பிறகு ஜீப்பைப் பார்க்கச் சகிக்காது. ஊர் அதற்கு மொட்டை ஜீப் என்று பேர் வைத்தது. வைத்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவசரத்துக்கு என்று வாங்கினதை அவசரத்துக்கே வைத்துக்கொண்டோம். பின்னால் ஒரு மெத்தை, பலகை, கயிறு, மண்வெட்டி, இரண்டு சாக்கு. தனியாக ஒரு கேனில் பெட்ரோல்; அதை வேறு எதற்கும் தொடுவதில்லை. முன்னால் அம்மன் படம், துணியில் முடிந்த புற்றுமண். கல்யாணத்துக்கு ஜீப் கேட்டு வந்தவர்களை இல்லை என்று அனுப்பியதில் சிலருக்கு வருத்தம். மழை மாதங்களில் காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டதும் வெளியே வந்து ஜீப்பை ஒருமுறை ஸ்டார்ட் செய்துபார்ப்பேன். அதுவும் பூசையில் சேர்ந்த மாதிரி ஆகிவிட்டது.

ஒரு கார்த்திகையில், விடாமல் மழை தூறிக்கொண்டிருந்த முற்பகலில், பருத்திக் காட்டிலிருந்து என் மச்சானைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கணுக்காலுக்கு மேலே கடி. என் வீட்டுக்காரி ஓடிவந்தாள். அழவில்லை. அண்ணன் நெற்றியிலும் காலிலும் புற்றுமண்ணைப் பூசினாள். பூசின கையோடு, மெத்தையில் படுக்க வையுங்கள் என்றாள். நான் சக்கரத்துக்குக் கயிறு சுற்றினேன்.

மட்கார்டு இல்லாத ஜீப் கரிசலில் நிற்காமல் ஓடும், உண்மைதான். ஆனால் தடுக்கத் தகரம் இல்லாததால் சக்கரம் வாரியடிக்கிற சேறு அத்தனையும் வண்டிக்குள்தான் வந்து விழும். அதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. தங்கச்சி மடியில் தலையை வைத்துப் படுத்திருந்த மச்சானின் முகம், மீசை, கண் எல்லாம் சேறு. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர் பேச ஆரம்பித்தார்.

“ஏட்டி, நீ பூசின புத்துமண்ணு பத்தாதுன்னா ஒம் புருசன் ஊரு மண்ணையே அள்ளிப் பூசுதான்?”

“பேசாம கெட அண்ணே. ஆட்டாத.”

“நானா ஆட்டுதேன்? மாப்ள ஆட்டுதாரு.”

அவர் குரல் கேட்கக் கேட்க எனக்குத் தெம்பு வந்தது. குடம் இன்னும் சாயவில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஓடையில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஐயாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்த அதே கரை. கை நடுங்கியது. இறங்கிக் கம்பை ஊன்றி நடந்துபார்த்தேன், முழங்காலுக்குக் கீழேதான். முழங்காலுக்கு மேலே இருந்தால் இறங்கியிருக்க மாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். என்ஜினுக்குள் தண்ணீர் தெறிக்காமல் முன்னால் சாக்கைக் கட்டினேன். முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கிற கியரைப் போட்டேன். “அம்மா, எதுக்குன்னு இந்தத் தடவ சொல்லிட்டேன்” என்று வாய்விட்டுச் சொன்னேன். ஜீப் இறங்கியது. ஏறியது. தார்ச்சாலைக்கு வந்த பிறகுதான் பின்னாலிருந்து என் வீட்டுக்காரி விம்முகிற சத்தம் கேட்டது.

நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார். விஷமுறிவு ஊசி போட்டார்கள். மச்சான் பிழைத்துக்கொண்டார்.

வீடு திரும்பியதும் அவர் முதலில் கேட்டது, டிராக்டராக இருந்தால் முகத்தில் சேறு விழுந்திருக்குமா என்று. அடுத்த ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நேர்ச்சை செலுத்தப் போனபோது கோயில் வாசல் கடையில் வெள்ளிப் பாம்பு வாங்கினார். பிறகு ஜீப் உரு இருக்கிறதா என்று கேட்டார். “அண்ணாச்சி, பாம்பு இருக்கு, தேளு இருக்கு, கண்ணு காலு இருக்கு. ஜீப்புக்கு நான் எங்க போவேன்?” என்றார் கடைக்காரர். எனக்காகத்தான் கேட்டார் என்று எனக்குத் தெரியும். நான் கூட்டத்தைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். சில வருஷம் கழித்து டிராக்டரும் வாங்கினோம். அம்மன் எடுத்துத் தந்த அரளி பொய்யாகவில்லை.

நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதற்குப் பிறகு நடந்தது. பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் தன் மகளைப் பாம்பு கடித்துவிட்டது என்று ஓடிவந்தார். ஜீப் கேட்டு வரவில்லை. எங்கள் வீட்டுப் புற்றுமண்ணில் ஒரு சிட்டிகை போதும், உங்கள் மச்சான் அதில்தானே எழுந்து உட்கார்ந்தார் என்றார். அந்த ஊர்வரை போவதற்குள் கதையிலிருந்து ஜீப் விழுந்துவிட்டிருக்கிறது. நான் புற்றுமண்ணை எடுத்துக்கொண்டு, அவரையும் ஏற்றிக்கொண்டு, ஜீப்பிலேயே போனேன். மண்ணைப் பூசி, பிள்ளையை மெத்தையில் படுக்கவைத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவளுக்கு இப்போது இரண்டு குழந்தைகள்.

அதனால் இதைப் படிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். இதை யாருக்காவது சொல்வதென்றால் உள்ளபடியே சொல்லுங்கள். ஜீப்பை எடுத்துவிட்டு அம்மனை மட்டும் சொல்லாதீர்கள். கேட்கிறவர் மண்ணைப் பூசிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவார். அம்மனை எடுத்துவிட்டு ஜீப்பை மட்டும் சொல்லாதீர்கள். அந்தக் கரையில் என் கை நடுக்கம் எப்படி நின்றது என்று எனக்குத்தான் தெரியும். குடத்தையும் விட வேண்டாம். அது என் வீட்டுக்காரி வைத்தது.