முசக்குட்டிகளுக்குக் கேன் தண்ணீர்

தம்பி பெங்களூரிலிருந்து காரில் வந்து ஒரு கம்பிக் கூண்டையும் ஒரு மூட்டைக் காய்ந்த புல்லையும் எங்கள் வீட்டு முன்னறையில் இறக்கி வைத்தபோது, கூண்டுக்குள் இருந்தவற்றை நான் எலி என்றுதான் நினைத்தேன். வால் இல்லாத, குண்டு எலி. ஒன்று பழுப்பு, இன்னொன்று கறுப்பும் வெள்ளையும். "கினி பிக் அக்கா" என்றான். அவனையும் அவன் மனைவியையும் கம்பெனி ஆறு மாதத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்புகிறதாம், இதுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம். ஆள் இல்லையென்றால் நான் இருக்கிறேனே. எங்கள் குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் கடைசியில் நான்தான் இருக்கிறேன்.

காபியைக் குடித்துக்கொண்டே சட்டதிட்டங்களை அடுக்கினான். புல் எந்நேரமும் கிடக்க வேண்டும். தினமும் கொத்தமல்லி, கொஞ்சம் குடைமிளகாய். வெயில் படக் கூடாது. "தண்ணி மட்டும் ஃபில்டர் தண்ணிதான் குடுக்கணும் அக்கா. நம்ம போர் தண்ணி வேண்டவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தான். அப்பா கதவோரம் நாற்காலியில் இருந்தார். உடம்பு முழுவதையும் திருப்பி அவனைப் பார்த்தார். அப்பாவுக்குக் கழுத்து திரும்பாது.

எங்கள் வீடு பென்னாகரம் சாலையில் ஊர் முடிந்து நிலம் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. எனக்கு ஒன்றரை வயதில் கிணறு வற்றியதால் அப்பா போர் போட்டார். இந்தப் பக்கத்துப் போர் தண்ணீரில் புளோரைடு இருப்பது இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். அன்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. சின்ன வயதில் அதைக் குடித்து வளர்ந்தால் முளைக்கிற பல்லிலேயே காவிக் கறை இருக்கும், என்ன தேய்த்தாலும் போகாது. வருஷக் கணக்காகக் குடித்தால் எலும்பு இறுகும். கறை எனக்கு வந்தது, இறுக்கம் அப்பாவுக்கு வந்தது. அம்மா எலும்பு இறுகுவதற்குள் வேறு ஏதோ காய்ச்சலில் போய்விட்டாள்.

தம்பிக்கும் கறைப் பல்தான். கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூரில் முன்பற்களுக்கெல்லாம் உறை போட்டுக்கொண்டான். போட்டோக்களில் அவன் சிரிப்பைப் பார்த்தால் கண் கூசும். "உனக்கும் போட்டுடலாம் வா அக்கா" என்று கூப்பிட்டான். கடையில் லீவு தர மாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். நான் பென்னாகரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன், கேட்டால் லீவு தருவார்கள். அப்போதே எனக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது, யாருக்குக் காட்ட அந்தப் பல் என்று இருந்தது. என்னைப் பெண் பார்க்க மூன்று வீட்டார் வந்தார்கள். மூன்றாவதாக வந்த மாப்பிள்ளையின் அம்மா, "கொஞ்சம் சிரிம்மா" என்றார். சிரித்தேன். வைத்த காபி வைத்தபடி இருக்க எழுந்து போனார்கள். அவர்கள் போன பிறகும் அப்பா ரொம்ப நேரம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். இனி யாரையும் வரச் சொல்லாதீர்கள் என்று நான் சொல்லிவிட்டேன். கடைக்கு வருகிறவர்கள் என்னைச் சிடுமூஞ்சி என்று சொல்வதுண்டு. எனக்கு நன்றாகவே சிரிப்பு வரும். வாயை மூடிக்கொண்டு சிரித்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

தெருக்குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிற அன்று சமையலுக்குப் பிடித்து வைத்துக்கொள்வேன். குடிக்கக் கேன் தண்ணீர். வண்டிக்காரர் வாரத்துக்கு இரண்டு முறை இறக்கிவிட்டுப் போவார். கேன் எனக்கு மட்டும். அப்பா இன்றைக்கும் போர் தண்ணீரைத்தான் குடிக்கிறார். தருமபுரி டாக்டர் இரண்டு முறை, எக்ஸ்ரே எடுத்துக் காட்டியே சொல்லிவிட்டார், முதலில் அந்தத் தண்ணீரை விடுங்கள் என்று. அப்பா தலையாட்ட முடியாததால் உடம்பை ஆட்டிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் பழைய சொம்பு, பழைய தண்ணீர். கேட்டால், "கேன் தண்ணி சப்புன்னு கெடக்குது. தண்ணின்னா ஒரு ருசி வேண்டாமா?" என்பார்.

கெஞ்சிப் பார்த்தேன். சண்டை போட்டேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், அது அவருக்கு நிம்மதியாகப் போயிற்று. ஒருநாள் அவருடைய பானையில் கேன் தண்ணீரை ஊற்றி ஒன்றும் தெரியாதவள் மாதிரி வைத்தேன். ஒரு வாய் குடித்தார், எழுந்து போய்ப் பானையோடு கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தார். ஊர் முழுக்க முட்டிவலிக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற எனக்கு, வீட்டில் இருக்கிற ஒரு மனிதரின் சொம்பை மாற்ற முடியவில்லை.

இந்த லட்சணத்தில் வந்து சேர்ந்தன இரண்டும்.

தம்பி போன மறுநாள் போனில் தேடிப் பார்த்தேன். கினி பிக்குகளுக்கு வடிகட்டிய தண்ணீர் அவசியமா என்று ஆளுக்கொன்று எழுதியிருந்தார்கள். பலர் சொன்னது, நீங்கள் குடிக்கிற தண்ணீர் எதுவோ அதையே கொடுங்கள், உங்களுக்கு ஆகுமென்றால் அதுகளுக்கும் ஆகும் என்பதுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வீட்டில் 'நீங்கள்' என்றால் யார்? அப்பாவா, நானா? கேனில் அடித்தண்ணீர்தான் இருந்தது, வண்டி வர இரண்டு நாள் ஆகும். அதோடு மனசுக்குள் ஒரு குரூரமும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். கூண்டில் மாட்டுகிற பாட்டிலைப் போர் குழாயில் நிரப்பி வந்து, அப்பா காதில் விழும்படி, "நீங்க குடிக்கறதுதானுங்கப்பா. உங்களுக்கு ஒண்ணும் பண்ணலன்னா அதுங்களுக்கும் ஒண்ணும் பண்ணாது" என்றேன்.

சாயங்காலம் கடைவிட்டு வந்தால், கேனில் இருந்த அடித்தண்ணீரைக் காணோம். பாட்டில் முட்ட முட்ட இருந்தது. வாயில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். கேன் தண்ணீர். அந்த முதுகை வைத்துக்கொண்டு கேனை எப்படிச் சாய்த்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மறுநாள் மறுபடி போர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனேன். மறுபடி மாறியிருந்தது. கேன் காலியாகிவிட்டதே, எங்கே பிடித்தார் என்று பார்த்தால், சாலையோரப் பெட்டிக்கடை வரை போய் ஒரு பாட்டில் வாங்கி வந்திருக்கிறார். ரேஷனுக்கு வாங்க என்றால் முட்டி வலிக்கிறது என்பவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்கப்பா, உங்களுக்கு ஆகாத தண்ணி இதுங்களுக்கு மட்டும் எதுக்கு?"

"முசக்குட்டிங்க, பாவம். வாயில்லாத ஜீவன். நாம ஊத்துறதத்தான குடிக்கும்?" என்றார். எலி என்று சொல்ல மனசு வராமல், வந்த அன்றே அதுகளை முயல்குட்டிகளாக்கிவிட்டார்.

"எனக்கும் அப்ப வாய் இல்லீங்கப்பா. ஒன்றரை வயசு. நீங்க ஊத்துனதத்தான் நானும் குடிச்சேன்."

சொல்லி முடித்த அந்த நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். நாற்பது வருஷத்தில் ஒருமுறைகூட நான் அதைச் சொன்னதில்லை. அப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், செருப்பைத் தேடினார், வெளியே போனார். நான் பின்னாலேயே போயிருக்க வேண்டும். போகவில்லை. சமையலறையில் நின்று ஒரு தேவையும் இல்லாமல் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது கைநிறைய அருகம்புல் கொண்டு வந்திருந்தார், கூண்டில் போட்டார். இரண்டும் வீக் வீக் என்று கத்தின.

அந்த வாரம் எனக்கு ஒரு யோசனை வந்தது. இத்தனை வருஷம் கிடைக்காத பிடி இப்போது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். காலையில் ஒரு டம்ளர் கேன் தண்ணீரை அவர் முன்னால் வைத்து, "நீங்க இதைக் குடிச்சாத்தான் அதுங்களுக்கு இதை ஊத்துவேன்" என்றேன். முறைத்தார். கூண்டைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு கஷாயம் குடிக்கிற மாதிரி குடித்தார். மத்தியானத்துக்கு ஒரு சொம்பு நிறைய வைத்துவிட்டுப் போனால், சாயங்காலம் சொம்பு காலியாக இருக்கும். ஒரு வாரம் போனது. கடையில் யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவு சந்தோஷம். தம்பி போன் செய்து, "முசக்குட்டிங்க எப்படி இருக்குது?" என்று அப்பா பாஷையிலேயே கேட்டபோது, "அதுங்களும் நல்லா இருக்குது, அப்பாவும் திருந்திட்டாரு" என்றேன்.

ஒருநாள் கடையில் சரக்கு சரிபார்க்கிறார்கள் என்று மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். பின்பக்கமாக வந்தேன். மோட்டார் ரூமில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா குழாயடியில் நின்றிருந்தார். குனிய முடியாது அல்லவா, அதனால் குழாயில் ஒரு ரப்பர் டியூபைச் செருகி, அதன் மறுமுனையை வாயருகே தூக்கிப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. திருட்டு பீடி குடிக்கிற பையனைப் போல என்னைப் பார்த்ததும் டியூபைக் கீழே போட்டார். நான் வைத்துவிட்டுப் போன சொம்புத் தண்ணீர் தினமும் எங்கே போனது என்பதைக் கறிவேப்பிலைச் செடியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். செடி தளதளவென்று இருந்தது.

மோட்டாரை நிறுத்திவிட்டு, துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அந்தப் பேரத்தை விட்டுவிட்டேன். அதுகளுக்குக் கேன் தண்ணீர், அவருக்குப் போர் தண்ணீர் என்று ஆயிற்று. கூண்டு முழுக்க முழுக்க அவர் பொறுப்புக்குப் போனது. பாட்டில் நுனியில், அதுகள் நக்கிக் குடிக்கிற சின்ன இரும்புக் குண்டைத் தினமும் துடைப்பார். கேன் வண்டி வர ஒருநாள் தாமதமானால் சாலைக்கே போய் நின்றுகொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பின்னால் துணி துவைத்துவிட்டு உள்ளே வந்தேன். அப்பா வெளிச்சத்துக்காக நாற்காலியை வாசற்படிக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பழுப்புக் குட்டியைத் தன் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். மடியில் வைத்தால் அவரால் குனிந்து பார்க்க முடியாது. ஒரு கையால் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையின் கட்டைவிரலால் அதன் மேலுதட்டை மெல்ல விலக்கிக்கொண்டிருந்தார். அது காலை உதைத்தது.

"கடிச்சிடப் போகுதுங்கப்பா. என்ன பண்றீங்க?"

"கடிக்காது. தெனமும் பாக்கறதுதான?"

"என்னத்த?"

"பல்ல." குட்டியை என் பக்கம் நீட்டினார். "வெள்ளையாத்தான் இருக்குது. நீ வேணா பாரேன்."

பார்த்தேன். பச்சரிசி போல இரண்டு பல். இதுகளுக்குச் சாகிற வரை பல் வளர்ந்துகொண்டே இருக்குமாம், தேயத் தேயப் புதுசாக வருமாம் என்று நான் போனில் படித்திருந்தேன். கறை ஏறியிருந்தாலும் நல்ல தண்ணீர் குடித்தால் போகப் போகத் தேய்ந்து போய்விடும் என்று நானே முடிவுகட்டி வைத்திருந்தேன். அதை அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அப்பா, நீங்க ஏன் இந்தத் தண்ணியக் குடிக்க மாட்டேங்கறீங்க? ருசின்னு மட்டும் சொல்லாதீங்க."

அவர் குட்டியை மடியில் இறக்கி, கையால் மூடிக்கொண்டார். சாலையைப் பார்த்தபடி பேசினார்.

"போர்ல தண்ணி பீச்சுன அன்னிக்கி, போர் வண்டிக்காரன் சொன்னான். வூட்டுப் பொட்டப்புள்ளைக்கு மொதல்ல குடுங்க, தண்ணி வத்தாதுன்னு. உங்கம்மா இடுப்புல நீ இருந்த. நான்தான் சொம்புல புடிச்சி உன் வாயில ஊத்துனேன். நீ சிரிச்சிக்கிட்டே குடிச்ச. அவன் சொன்ன மாதிரியே, சுத்துவட்டாரத்துல எல்லா போரும் வத்திப்போச்சு, நம்மது இன்னிக்கி வரைக்கும் வத்தல." குட்டியின் முதுகைத் தடவினார். "நீ குடிச்ச தண்ணிய நானும் குடிச்சிட்டுப் போறேன். வுட்டுடு கண்ணு."

உங்கள் கழுத்து இறுகுவதால் என் பல் வெளுக்குமா என்று கேட்டிருக்கலாம். உங்களைத் தூக்கி உட்கார வைக்கப்போகிறவளும் நான்தானே என்று கேட்டிருக்கலாம். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். அது முழு உண்மை இல்லை, அதனால் அதையும் சொல்லவில்லை.

கூண்டில் இருந்த இன்னொரு குட்டி கம்பியைக் கடித்துக்கொண்டு கத்தியது. பாட்டில் காலியாகியிருந்தது. கழற்றிக் கொண்டுபோய்க் கேனிலிருந்து நிரப்பி மாட்டினேன்.

"அப்படியே எனக்கும்" என்று அப்பா சொம்பை நீட்டினார். கேன் பக்கம் திரும்பிவிடப் போகிறேன் என்று பயந்தவர் போல, "போர்ல" என்றார்.

வாங்கிக்கொண்டு போய்ப் போர் குழாயைத் திறந்து, சொம்பு நிறையும் வரை நின்றேன். கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தேன். கழுத்தைப் பின்னால் சாய்க்க முடியாததால் அவர் உடம்பையே சாய்த்துத்தான் குடிக்க வேண்டும். நாற்காலியின் முன்கால் இரண்டும் தரையைவிட்டு எழும்பின. அவர் விழுந்துவிடாமல், குடித்து முடிக்கும் வரை, பின்னால் நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.