நீல வண்டிக்குப் பின்சீட்டு ஜாமீன்

வண்டி ஓட்டுகிறவனுக்கு லைசென்ஸ் கொடுக்கிறார்கள். அவன் முதுகுக்குப் பின்னால் உசுரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கொடுப்பதில்லை. மச்சான் பைக்கிலும் மருமகன் பைக்கிலும் ஊர் சுற்றி, ஊரைப் பார்க்காமல் சட்டைக் காலரை மட்டுமே பார்த்து வந்த பின்சீட்டுச் சொந்தங்களே, இது நம்ம கதை.

வேலை கிடைத்த விதம்

நான் நாமக்கல் லாரி டிரைவர். காஷ்மீருக்கு ஆப்பிள் ஏற்றப் போன இடத்தில் டீசல் உறைந்துபோக, டேங்கில் சுக்குக் கசாயம் ஊற்றி ஊர் வந்து சேர்ந்தவன். நம்பாதவர்கள் அந்தக் கசாயத்தைக் குடித்துப் பார்க்கலாம், என் மனைவி இன்னும் அப்படித்தான் வைக்கிறாள். சர்க்கரை கண்ணில் இறங்கியதும் லைசென்ஸைப் புதுப்பித்துத் தரவில்லை. வீட்டில் மொபெட் சாவியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்தார்கள். ரோட்டிலேயே வாழ்ந்தவனுக்கு ரோடு பஸ் ஜன்னல் அளவுக்குச் சுருங்கிப்போனது.

என்னிடம் கிளீனராக இருந்தவரின் மகன் சேலம் ரோட்டில் பைக் ஷோரூம் வைத்திருக்கிறான். ஓட்டிப் பார்க்கிறேன் என்று வண்டியை வாங்கிப் போன ஒரு புண்ணியவான் திருச்சியில் டீ குடித்துவிட்டுப் பொழுது சாய வந்து சாவியைக் கொடுத்தானாம். அன்றிலிருந்து, ஓட்டிப் பார்க்கிறவர் பின்னால் கடையின் ஆள் ஒருவர் உட்கார வேண்டும் என்று ஏற்பாடு. என்னைக் கூப்பிட்டுவிட்டான். "மாமா, நீங்க சும்மா ஒக்காந்துட்டு வந்தாப் போதும். வண்டி திரும்பி வர்றதுக்கு நீங்கதான் ஜாமீன்."

பந்தயக் காளைக்கும் வண்டி மாட்டுக்கும் பிறந்தது

கடையில் ஓட்டிப் பார்ப்பதற்கென்றே ஒரு நீல வண்டி நின்றது. ஸ்போர்ட்ஸ் டூரர் என்றார்கள். பந்தயத்துக்கும் ஆகோணும், பழனிக்கும் போகோணும் என்று கேட்டவனுக்காகச் செய்தது. அசல் பந்தய வண்டி என்றால் ஓட்டுகிறவன் டேங்கின்மேல் குப்புறப் படுக்க வேண்டும். பின்னால் இருப்பவனுக்கு வெற்றிலைப் பெட்டி அகலத்தில் ஒரு சீட்டு, அதுவும் பரண் உயரத்தில். பிரேக் போட்டால் முன்னால் இருப்பவனின் பிடரிக்கு முத்தம்தான். நீல வண்டியில் ஹேண்டில்பாரைக் கொஞ்சம் தூக்கி, கால் வைக்கும் இடத்தைக் கொஞ்சம் இறக்கி, மனிதனை மனிதனாக உட்கார வைத்திருந்தார்கள். முன்னால் உயரமான கண்ணாடி. அதன் மறைவில் கற்பூரம் கொளுத்தினாலும் அணையாது. எஞ்சின் சூட்டைத் தொடைப்பக்கம் விடாமல் வெளியே தள்ளும் கவசம். நமக்கோ அகலச் சீட்டு, இருபுறமும் பிடித்துக்கொள்ளக் கம்பி. வேகம் ஏற ஏற வண்டி தரையோடு ஒட்டிக்கொள்ளும். வளைவில் சாய்ந்தால், சாய்ந்தது நமக்கே தெரியாது, பனைமரங்கள்தான் சாய்ந்து போகும்.

முதல் நாள் மல்லூர் வரை போய் வந்து இறங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. காற்று என்று சொல்லிச் சமாளித்தேன். ரோடு திரும்பக் கிடைத்துவிட்டது சாமி!

ஆனால் பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் நீல வண்டியோடு போட்டோ எடுத்துக்கொண்டு, சின்ன வண்டியை வாங்கிப் போனார்கள். ஆனி கடைசியில் முதலாளியான அந்தப் பையன் என் பக்கத்தில் வந்து நின்றான். "மாமா, ஆடி முடியறதுக்குள்ள இதுல ஒண்ணாவது புக்காகலைன்னா, கம்பெனி இந்த வண்டியத் திருப்பி எடுத்துக்கும். சின்ன வண்டிக்கெல்லாம் ஜாமீனுக்கு ஆளு வேண்டாமுங்க."

சாயம் போகுமா?

ஆடியில் நம் பக்கம் துடைப்பம் வாங்கவே யோசிப்பார்கள். அப்படியும் இளம்பிள்ளையிலிருந்து ஒரு சேலைக்கடைக்காரர் வந்தார். ஓட்டவே இல்லை. வண்டியைச் சுற்றி வந்து, கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, டேங்கின்மேல் வைத்து அழுத்தித் தேய்த்தார். பிறகு வெயிலுக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்த்தார். நூலில் சாயம் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கை, என்ன செய்வது?

"எஞ்சின ஸ்டார்ட் பண்ணிக் காட்டட்டுங்களா?" என்றேன். "இருங்க, இருங்க" என்று இன்னொரு தடவை தேய்த்தார். முகத்தில் திருப்தி. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "சாயம் நல்லா நிக்குதுங்க. ஆனா இத்தன வெலைக்கு ஒரு பார்டர் போட்டுருக்கலாம்."

ஐம்பது பெட்டி

அடுத்து வந்தவர் சூரமங்கலத்துக்காரர். ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். அருமையான கை. கியரைக் குறைக்காமல் மெல்லப் போனாலும், முறுக்கியதும் இந்த வண்டி முனகாமல் இழுத்துக்கொண்டு கிளம்பும்; அந்தக் குணத்தைப் புரிந்து ஓட்டினார். ஒரே குறை, நிறுத்துவதில். சிக்னல் எங்கோ தூரத்தில் சிவப்பாகத் தெரிந்ததுமே ஆக்ஸிலேட்டர் முறுக்கை விட்டுவிட்டார். வண்டி உருண்டது, உருண்டது, சைக்கிளில் போன பால்காரர் எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்து அனுதாபப்பட்டார்.

"சார், ரெண்டு விரல்ல பிரேக்கத் தொட்டாலே நின்னுரும். இப்பவே எதுக்கு?" என்றேன். அவர் வெட்கத்தோடு சொன்னார். "பழக்கம் சார். பின்னாடி அம்பது பெட்டி வர்ற நெனப்பு. நீங்க ஒருத்தர்தான்னு மறந்துட்டேன்."

மடியில் முட்டை

அவரும் யோசித்துச் சொல்வதாகப் போனார். பிறகுதான் புதுச்சத்திரம் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் மனைவியோடு காரில் வந்து இறங்கினார். ஆள் கொஞ்சம் குள்ளம். கையில் ஒரு அட்டை முட்டை. "லாரி வாங்குனாலும் கார் வாங்குனாலும் எங்களுக்கு முட்டைதானுங்க சாட்சி. ஒடையாமக் கொண்டாந்து சேத்தா நல்ல வண்டி" என்று அட்டையை என் மடியில் வைத்துவிட்டு முன்னால் ஏறினார்.

இரண்டு கையாலும் முட்டையைப் பிடித்தால் கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. வேகத்தடையில் அவருக்குப் பஞ்சு மெத்தை. எனக்கு அடியிலிருந்து உலக்கை. ஒரு வரிசை முட்டை என் பேண்ட்டில் அடைக்கலம் புகுந்தது. திரும்பி வந்ததும் கடை மெக்கானிக் பார்த்துவிட்டுச் சிரித்தார். பின் ஸ்பிரிங்கை ஒற்றை ஆளுக்கு வைத்திருக்கிறார்களாம். சீட்டுக்குக் கீழே ஒரு திருகு. அதைத் திருகினால் இரண்டு ஆள் பாரத்துக்கு ஸ்பிரிங் தயாராகிவிடும். ஆண்கள் மூவரும் குனிந்து திருகைப் பார்த்துக்கொண்டிருக்க, அதுவரை வாய் திறக்காத மனைவி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார், முன்னாடி ஒக்காந்தா ரெண்டு காலும் தரையில படுமுங்களா என்று. குள்ளப் புருஷனுக்காகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "டேங்க் பக்கம் சீட்டு ஒடுங்கித்தான் இருக்குதுங்க அம்மிணி, தாராளமாப் படும்." பண்ணைக்காரர் மிச்ச முட்டையை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். "பதினெட்டாம் பெருக்கன்னிக்கு வாரேனுங்ண்ணா. அன்னிக்கும் ஒடஞ்சா வண்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

பெருக்கு நாள்

ஆடிப் பதினெட்டு ஒன்றுதான் அந்த மாதத்தில் நல்ல காரியத்துக்கென்று மிஞ்சிய நாள். சொன்னபடி வந்தார்கள். அட்டை நிறையப் புது முட்டை. ஸ்பிரிங்கைத் திருகி வைத்துவிட்டு நான் ஹெல்மெட்டை எடுத்தேன். "நீங்க இருங்ண்ணா, நாங்க ரெண்டு பேரே போய்ட்டு வாரோம்" என்று பண்ணைக்காரர் எனக்குப் பதில் ஜாமீனாகக் காரின் சாவியை மேஜையில் வைத்துவிட்டார். அவர் முன்னால், மனைவி பின்னால், நடுவில் முட்டை. நான் வாசலில் நின்றுகொண்டேன். முட்டை உடைந்தால் வண்டி போகும். வண்டி போனால் என் ரோடும் போகும்.

மல்லூர் போய்த் திரும்புகிற நேரம் தாண்டியது. டீ வந்தது, ஆறியது, மேலே ஆடை கட்டியது. "காரு சாவிய நம்பி, ஜாமீனுக்கு ஆளு இல்லாம வுட்டது தப்பாப் போச்சு மாமா" என்று பையன் முனகினான். குலசாமியிலிருந்து வழியில் பார்த்த சாமி வரை எல்லாருக்கும் சூடம் நேர்ந்துகொண்டேன்.

அப்போது தூரத்தில் நீலம் தெரிந்தது. அம்பு மாதிரி வந்து, சொகுசாகச் சாய்ந்து திரும்பி, வாசலில் நின்றது. முன்னால் இருந்தவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றி ஹெல்மெட்டைக் கழற்றினார். அந்த அம்மிணி! பண்ணையில் பத்து வருஷமாகப் புல்லட்டில் தீவனம் ஏற்றி வருகிறவராம். வண்டியே அவருக்குத்தானாம். மல்லூரில் இடம் மாறி, வண்டி வழுக்கிக்கொண்டு போன சுகத்தில் நேராக வீட்டுக்கே போய் மாமியாரிடம் காட்டிவிட்டு வருகிறார்கள்.

பின்சீட்டில் பண்ணைக்காரர், பிள்ளையைக் கட்டிக்கொண்டதுபோல முட்டை அட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றில்கூடக் கீறலில்லை. "நல்ல வண்டிதானுங்க, ஆனா முட்டை ஒடையாதது வண்டியால இல்ல, இவரு புடிச்ச புடியால" என்று சிரித்தபடியே அம்மிணி உள்ளே புக் செய்யப் போனார். பையன் என்னைக் கட்டிப்பிடித்தான். நீல வண்டி இங்கேயே நிற்கும். நான் அட்டையை வாங்கிக்கொண்டு, பண்ணைக்காரரைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டேன். அவர் என் தோளை விடாமல் கேட்டார். "ஏனுங்ண்ணா, இந்தப் பின்சீட்டுல இத்தன நாளா எப்படிங்ண்ணா உசுரோட இருந்தீங்க?"

ஆண்டவன் என் கண்ணில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு ரோட்டை முழுசாகத் திருப்பிக் கொடுத்திருக்கும்போது, நடுவில் எவனோ ஒருவனுடைய முதுகு மறைக்கிறதே என்று புகார் சொன்னால் என்னைவிட நன்றி கெட்டவன் நாமக்கல்லிலேயே இருக்க மாட்டான்.