தொட்டால்தான் வரணும்

வடகவுஞ்சி காப்பித் தோட்டத்தில் சண்முகவள்ளி யாரையும் கூப்பிட மாட்டாள். எவ்வளவு தூரமானாலும் நடந்து வந்து தோளைத் தொடுவாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அவளைத் திமிர் பிடித்தவள் என்பார்கள். அதைக் கேட்டால் மேஸ்திரியான எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் இலங்கையிலிருந்து தப்பி வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது, தங்கை கண்மணிக்கு ஏழு. அங்கே அவர்கள் குடியிருந்த லயத்துக்குத் தீ வைத்தவர்கள், அப்பாவின் கழுத்தில் கத்தியை வைத்து, ஒளிந்திருந்த பெண்டாட்டி பிள்ளைகளைக் கூப்பிடச் சொன்னார்கள். அவர் கூப்பிட்டார். அம்மா தேயிலைச் செடிக்குள்ளிருந்து எழுந்து போனாள். இருவரையும் வெட்டிப் போட்டார்கள். தங்கையின் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்த வள்ளி, விடிந்ததும் அவளிடம் சொன்னாள்: "இனிமே யார் கூப்பிட்டாலும் வராத. என் குரலே கேட்டாலும் வராத. நான் வந்து தொட்டாத்தான் வரணும்."

கடல் தாண்டியதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று வள்ளி நினைத்துவிட்டாள். இனிமேல் கூப்பிட்டால் வரலாம் என்று சின்னவளிடம் சொல்லத் தோன்றவில்லை.

அடுத்த மார்கழியில் ஒரு மத்தியானம், விறகு பொறுக்கப் போன கண்மணி மூடுபனியில் வழி தவறினாள். தூறலும் பிடித்துக்கொண்டது. "ஏலே, பொதர் மண்டிக் கெடக்கு, அருவாள எடுத்துக்கிட்டு வெரசா வாங்க" என்று பத்துப் பேரைத் திரட்டிய புத்திசாலி நான்தான். செடிகளை வெட்டித் தள்ளிக்கொண்டு, அவள் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே போனோம். வள்ளி தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். பதில் இல்லை. இருட்டியதும் திரும்பினோம்.

காலையில் தேன் எடுக்கப் போன ராக்கன்தான் அவளைக் கண்டுபிடித்தான். நாங்கள் நாலைந்து தரம் கடந்துபோன அதே உண்ணிப் புதருக்குள், வாயைக் கையால் பொத்திக்கொண்டு கிடந்தாள். உடம்பெல்லாம் சில்லிட்டுவிட்டது, உயிர் மட்டும் இருந்தது. ராக்கன் எவ்வளவோ கூப்பிட்டும் அசையவில்லை. வள்ளி ஓடிப்போய்த் தொட்டதும் கண்ணைத் திறந்தாள்.

"அப்பாவப் புடிச்ச மாதிரி ஒன்னையும் புடிச்சுக் கூப்பிட வச்சாங்களாக்கா?" என்று கேட்டாள். "நீ அத்தன தரம் கூப்பிட்ட. நான் வாயே தொறக்கல."

அந்த முகத்தில் என்ன பெருமை!

நெருப்பு மூட்டினோம், கம்பளி சுற்றினோம். உச்சிப்பொழுதுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். குழி வெட்டி முடிக்கும்வரை வள்ளி அவள் தோளைத் தொட்டுக்கொண்டே இருந்தாள்.