போனமுறை தந்தது இருக்கோ?

கடலில் பிடித்த உயிரை வீட்டுத் தொட்டிக்கு விற்கிறவன், அதோடு இரண்டு மணித்தியாலப் பொறுமையையும் சேர்த்து விற்கவேண்டும். அதை இலவசமாகக் கொடுத்தாலும் ஆட்கள் கடையிலேயே மறந்துவிட்டுப் போவார்கள். விற்ற உயிர் செத்துப்போன செய்தியை விற்ற அதே மேசைக்குப் பின்னால் நின்று கேட்டவர்களுக்கு என் பாடு விளங்கும்.

யாழ்ப்பாணத்தில் என் கடைக்கு இறாலும் நட்சத்திர மீனும் கொண்டுவருபவர் மயிலிட்டி யோகன் அண்ணை. மூச்சடக்கிச் சுழியோடி, ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து வருவார். பையை மேசையில் வைத்ததும், கட்டிக்கொடுத்த மகளை விசாரிப்பதுபோல, "போனமுறை தந்தது இருக்கோ?" என்பார். நான் "இல்லை" என்றே சொல்லிவந்தேன்; அந்தத் தடவைகளில் சிலவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நல்ல நேரம்

பண்டத்தரிப்பில் ஒரு குடிபூரல். புது வீட்டுக்குப் புதுத் தொட்டி. சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் இறால் இரண்டு வாங்கிய வீட்டுக்காரருக்கு முறையைச் சொன்னேன். பைத் தண்ணீரோடு இறாலை ஒரு வாளியில் விடவேண்டும். மருந்துக்கடையில் விற்கும் சேலைன் ஏற்றும் ரியூபால் தொட்டித் தண்ணீரை இரண்டு மணித்தியாலத்துக்குத் துளித்துளியாக வாளிக்குள் இறக்கவேண்டும். தண்ணீர் மூன்று மடங்கானதும் இறாலை மட்டும் தொட்டிக்கு மாற்றவேண்டும். மீன் ஓரளவு தாங்குகிற உப்பு மாற்றத்தை முதுகெலும்பு இல்லாத இந்த உயிர்கள் தாங்கமாட்டா.

எல்லாவற்றையும் அப்படியே தொடங்கினார்கள். ஆனால் வாளி கால்பங்கு ஏறுமுன் இராகுகாலம் கிட்டிவிட்டது. அதற்கு முன் குடியேற்றிவிட வேண்டுமென்று இரண்டையும் தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டார்கள். மறுநாள் இரண்டும் சரிந்து கிடந்தன. வீட்டுக்காரர் கடைக்கே வந்து சொன்னார்: "நேரத்திலை பிழையில்லைத் தம்பி. உம்மடை இறால்தான் பிழை."

நாக்கு

நீர்வேலி வாழைத்தோட்டக்காரர் ஒருவர், எந்தக் கிணறு உவர், எந்தக் கிணறு நன்னீர் என்று ஒரு வாய்த் தண்ணீரில் சொல்லிவிடுவார். நட்சத்திர மீன் வாங்க வந்தவரிடம் உப்பு அளக்கும் கருவியையும் காட்டினேன். சிரித்துவிட்டு, தன் நாக்கைத் தொட்டுக் காட்டினார்.

மழை ஓய்ந்த கையோடு கடலோடு தொடுக்கும் கடனீரேரித் தண்ணீரை அள்ளி, நக்கிப் பார்த்து, தொட்டியை நிரப்பியிருக்கிறார். துளி விட்டதெல்லாம் நான் சொன்னபடிதான். மழை கலந்து உப்புக் குறைந்த தண்ணீருக்குள் துளியாய்ப் போனால் என்ன, குடமாய்ப் போனால் என்ன? நட்சத்திரத்தின் கைகள் ஒவ்வொன்றாய்க் கரைந்தன. பிறகு அந்தக் கருவியை வாங்க வந்தார். காசை எண்ணி வைத்துவிட்டுச் சொன்னார்: "என்ரை நாக்கு கிணத்துக்குத்தான் சரி போலை."

செப்புக் குடம்

மானிப்பாய் வசந்தி நேர்ஸ் வேலை செய்பவர். வார்ட்டில் நின்று களைத்து வந்தால், தொட்டிக்கு முன்னால் கொஞ்சம் இருந்தால்தான் நித்திரை வரும் என்பார். சேலைன் ரியூபைக் கண்டதும், "உந்தத் துளி விடுறதை எனக்குப் படிப்பிக்காதேங்கோ அண்ணை" என்று சிரித்தார். அவர் விட்ட துளியில் ஒரு பிழையும் இல்லை. இறால் கல்லுக்குக் கல் தாவித் திரிந்தது.

வெக்கைக்குத் தொட்டியில் தண்ணீர் குறைந்தது. மருமகளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று மாமியார், சாமியறைச் செப்புக் குடத்தில் இருந்த தண்ணீரை ஊற்றினார். செம்பு நமக்கு நல்லது, இறாலுக்கு நஞ்சு. செத்த இறாலைப் பார்க்கப் போன நான் இதை மெதுவாக எடுத்துச் சொன்னேன். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "சாமி குடிக்கிற தண்ணியை உது குடிக்காதோ?"

சட்டை

யோகன் அண்ணை இந்த முறை பையை மேசையில் வைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். "இதுதான் கடைசி. இதுவும் செத்தால் என்னைக் கேளாதை. எனக்கு எடுக்கத்தான் தெரியும், சாகக் குடுக்கத் தெரியாது."

அந்த இறாலை வசந்திக்கே கொடுத்தேன். தொட்டியைக் கழுவி, புதுக் கடல்நீர் நிரப்பி, துவாயால் மூடிய வாளிக்குள் துளி விட்டார். அடுத்த தடவை யோகன் அண்ணை கேட்டபோது, முதன்முறையாக "ஓம்" என்றேன். "அப்ப தேத்தண்ணி போடும்" என்றார்.

ஒருநாள் காலை வசந்தி கண் கலங்கி வந்தார். கையில் ஒரு பை. "இதுவும் போச்சு அண்ணை." வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கால், மீசை எல்லாம் இருந்தன. ஓட்டுக்குள்ளே சதை இல்லை.

"தங்கச்சி, இது செத்த இறால் இல்லை. வளர்ந்து கழட்டின சட்டை! ஆள் கல்லுப் பொந்துக்குள்ளை ஒளிச்சிருக்கும்."

அழுத முகம் அப்படியே சிரித்தது. அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் எடுத்தார். மாமியாரின் குரல் எனக்கும் கேட்டது: "நீ வந்து வெறுந்தொட்டியைப் பாத்து அழப்படாது எண்டு எல்லாத்தையும் கழுவிப்போட்டன் பிள்ளை. உப்புத்தண்ணி தென்னைக்கு நல்லம்தானே, ஊத்தீட்டன். கல்லுகள் வெயிலிலை காயுது."

யோகன் அண்ணை இப்போதும் வெறுங்கையோடு வருகிறார், தேத்தண்ணி குடிக்கிறார், அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

இவ்வளவு காலம் நான் செய்த வியாபாரத்தில் நன்றாகப் பிழைத்தது மானிப்பாயில் நிற்கும் அந்தத் தென்னை ஒன்றுதான்.